முத்துப்பேட்டைக் காடு சுனாமிக்குப் பின் நட்டதா?

“முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இயற்கையானதல்ல, 2004 சுனாமிக்குப் பிறகு நட்டு வளர்த்தது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்தக் காட்டையும் சேர்த்துத்தான் கோடியக்கரை ஈரநிலம் 2002-லேயே உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. பிறகு எப்படி?

கோரையாறு, பாமனியாறு போன்ற காவிரியின் கடைமடை ஆறுகள் கடலில் சேரும் சேற்று நிலம் இது. ஜாம்பவானோடையில் படகேறிப் போனால் கரையோரச் சேற்றில் சுவாச வேர்கள் ஈட்டி நட்டதுபோல் நிற்பதைப் பார்க்கலாம். இங்கு வளரும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள், உப்பு ஒட்டும். வேர் உறிஞ்சும் உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுகிறது.

வதந்திக்கு ஒரு கால் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு மரம் வெட்டிய இடங்களில் நீரோட்டம் நின்று, மண்ணில் உப்பேறி, தரை பொட்டலானது. அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழிசெய்து கன்று நட்டார்கள். ஆனால் அந்த வேலையும் 1990-களிலேயே தொடங்கியது. சுனாமிக்குப் பிறகும் நடவு நடந்தது உண்மைதான். நட்டது காட்டின் சில பகுதிகளில் மட்டுமே.

செய்தியோடு வரும் மொட்டை மரப் படத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம்: 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாகச் சிதைத்தது.