ஐந்து நிமிடத்தில் 24 செய்திகள், இரண்டு வருடத் தேடல்

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் நடுவே இருந்தபோது தரையிலுள்ள பராமரிப்புப் பிரிவுக்குத் தானாகவே செய்தி அனுப்ப ஆரம்பித்தது. ஆட்டோபைலட் விலகிவிட்டது, வேக அளவீடுகள் ஒத்துப்போகவில்லை என்று வரிசையாக 24 செய்திகள், ஐந்து நிமிடத்துக்குள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 228 பேரும் போய்விட்டார்கள். என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்ன கறுப்புப் பெட்டி 2011 மே மாதம்தான் கிடைத்தது, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில்.

அந்தச் செய்திகள் மெக்கானிக்குகளுக்காக ஏற்பட்டவை. எஞ்சினில் சின்னக் கோளாறு என்றால்கூட, விமானம் இறங்குமுன்னே உதிரிப் பாகத்தோடு ஆள் காத்திருக்க முடிகிறது. அருமையான வசதி. ஆனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு உள்ளே இருக்கும் மனிதர்களுக்கும் வேண்டாமா?

2014 மார்ச் 8 அன்று மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்.எச்.370, 239 பேரோடு காணாமல் போனது. அதன் கடைசி மணிநேரங்களில், 'இருக்கிறாயா' என்று செயற்கைக்கோள் ஏறக்குறைய மணிக்கொரு முறை கேட்டதும், விமானம் 'இருக்கிறேன்' என்றதும் மட்டுமே பதிவாகின. எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை.

இதன் பிறகுதான் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. விதி போட்டது. 2018 நவம்பர் முதல், கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்கள் இருக்கும் இடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிக்க வேண்டும். ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே இடத்தைச் சொல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வர 2025 ஆகிவிட்டது. ஒரு விதிக்குப் பதினோரு வருடம்!

விமானத்தின் தரவை வானிலிருந்தே தரைக்கு அனுப்பத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008இலேயே போயிங் 787க்கு அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தனி நிபந்தனை போட்டது: பயணிகள் பயன்படுத்தும் நெட்வொர்க் வழியாக யாரும் விமானக் கட்டுப்பாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. அது சரியான கவலை. விமானிகளின் பயமும் நியாயமானதே. காக்பிட்டில் பேசிய கடைசி வார்த்தைகள் தரைக்கு வந்தால் அடுத்த நாளே டிவியில் ஓடும். அதனால் நான் கேட்பது இதுதான்: ஆபத்து நேரத்தில் மட்டும் கறுப்புப் பெட்டியின் தரவு வானிலிருந்தே வந்து சேரட்டும், விசாரணை அதிகாரிகளைத் தவிர யாரும் அதைத் திறக்க முடியாதபடி சட்டம் இருக்கட்டும்.

நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்லும் அந்த விதிகூட 2024 முதல் புதிதாக வரும் பெரிய விமானங்களுக்கு மட்டும்தான். 2023இல் வாங்கிய விமானம் இன்னும் இருபது வருடம் பறக்கும். அதில் ஏறப்போகிறவர்களுக்கு?