சார்கிட்ட போனைக் குடுங்க மேடம்

"சார் இல்லையா மேடம்? சார்கிட்ட போனைக் குடுங்க, நான் பேசிக்கிடுதேன்."

கடற்கரையில் டென்ட் வாடகைக்கு விடுகிறவர் இன்று காலையில் போனில் இப்படிச் சொன்னதிலிருந்து எனக்கு வெப்ராளம் அடங்கவே இல்லை. வண்டி என் பெயரில் இருக்கிறது. ஓட்டப்போவது நான். டென்டுக்கு அட்வான்ஸ் போனது என் கணக்கிலிருந்து. ராத்திரி படுக்கிற இடத்தில் கக்கூஸ் இருக்கிறதா, அதற்குக் கதவு இருக்கிறதா என்று கேட்டதும் நான்தான். பதிலை மட்டும் சாரிடம்தான் சொல்வாராம். எங்கள் வீட்டு சார் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். குளச்சல் பக்கத்துக் கக்கூஸைப் பற்றி அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

நான் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே நீரோடி வரைக்கும் 70 கிலோமீட்டர் சொச்சம். நிற்காமல் ஓட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அப்படி இல்லாமல் பைய, ஒரு நாளைக்கு ஒரு கடற்கரை, மிஞ்சிப்போனால் இரண்டு என்று போக வேண்டும். அக்கா பிள்ளைகளோடு கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அம்மாவுக்கு மண்டைக்காட்டு அம்மனை நெரிசல் இல்லாமல் கும்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரியாவது டென்டில் படுக்க வேண்டும். எனக்கு முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து, யாரும் "கிளம்பு கிளம்பு" என்று உயிரை எடுக்காமல், பொழுது அடைவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தேதியையும் சும்மா குறிக்கவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் மகரவிளக்கு முடிகிறவரை கன்னியாகுமரியில் ஐயப்பமார் கூட்டம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழா, அந்தப் பக்கமே போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் தை மாசக் கடைசியில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. கடலும் அப்போது அடங்கிக் கிடக்கும். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உதிப்பதும் அடைவதும் கடலிலேயே தெரியும். மீனையும் யோசித்தேன். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து தடை, குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1-லிருந்து தடை. அந்த நாட்களில் வந்துவிட்டு நல்ல மீன் இல்லையே என்று அக்கா மூக்கைச் சிந்தக் கூடாது என்பது வரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இவ்வளவு யோசித்தவளால் ஒரு டென்ட்காரர் வாயிலிருந்து நேரான பதில் ஒன்றை வாங்க முடியவில்லை.

அவர் போட்டிருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அதே படத்தைத்தானே போடுகிறார்கள். ஆரஞ்சு நிறக் கூடாரம், அதைச் சுற்றி மஞ்சள் விளக்குச் சரம், மணலில் சாய்த்து வைத்த கிட்டார். கீழே "அலை காலைத் தொடும் தூரத்தில்" என்று எழுத்து. சரி என்று போன் போட்டேன்.

"அண்ணே, டென்ட் கடல்லேருந்து எவ்வளவு தூரம்?"

"நீங்க வாங்க மேடம், பாத்துக்கலாம்."

வந்தால் எனக்கும் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்வேன். வருவதா வேண்டாமா என்று முடிவு பண்ணத்தானே போன் போடுகிறேன்?

"கக்கூஸ் உண்டா?"

"எல்லா வசதியும் உண்டு மேடம்."

"எல்லா வசதியும் எனக்கு வேண்டாம். கக்கூஸ் உண்டான்னு கேட்டேன்."

"உண்டு மேடம், பக்கத்துலதான்."

"பக்கத்துலன்னா எத்தனை அடி?"

"நீங்க வாங்க மேடம், பாத்துக்கலாம்."

அம்மாவுக்கு சுகர். ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பார். முட்டுவலி வேறு. மணலில் கால் புதையப் புதைய, டார்ச் வெளிச்சத்தில் அவரைக் கைத்தாங்கலாக நடத்திப்போக வேண்டியவள் நான். அதனால் விடவில்லை, மறுபடியும் கேட்டேன், மறுநாளும் கூப்பிட்டுக் கேட்டேன். கடைசியில் மெதுவாக வெளியே வந்தது: "பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கோம் மேடம். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அதாவது நடுராத்திரி இரண்டு மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டி, எங்கள் அம்மாவுக்கு அவசரம் என்று நான் நிற்க வேண்டும். அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான், நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு இவர் ஒரு பைசா கொடுக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் ஒரு ராத்திரிக்கு வாங்குகிற வாடகையில் நல்ல லாட்ஜில் ஏசி அறையே கிடைக்கும்.

லொக்கேஷன் அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். திறந்து பார்த்தால் புள்ளி ஏ.வி.எம். கால்வாய்க்கு நடுவில் நிற்கிறது! 1860-ல் திருவிதாங்கூர் ராஜா, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வள்ளத்திலேயே போய்விடலாம் என்று வெட்ட ஆரம்பித்து, மண்டைக்காட்டோடு நின்றுபோன கால்வாய் அது. இன்றைக்குப் பாதி இடத்தில் தூர்ந்து கிடக்கிறது. அதற்குள் எங்கே போய் டென்ட் அடிப்பது? கேட்டால், "பக்கத்துல வந்துட்டு கூப்பிடுங்க மேடம், பையனை அனுப்புதேன்."

இதையெல்லாம்கூடப் பொறுத்துப்போனேன். என்னால் பொறுக்க முடியாதது அடுத்த பதில். "கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் இங்க வராது மேடம்."

வராதா? 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனதே, அது எந்த மாவட்டத்தில்? கள்ளக்கடல் என்றால் இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். எங்கோ தெற்கே நடுக்கடலில் கிளம்பிய அலை நாள்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறும். அதனால்தான் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை வந்தவுடன் கடப்புறத்து மக்கள் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுகிறார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பயப்படுகிற ஒன்றுக்கு இவர் சிரிக்கிறார். மணக்குடிப் பாலத்தை 2004 சுனாமி தூக்கி எறிந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது ஐயா. அலை காலைத் தொடும் தூரத்தில் என் அக்கா பிள்ளைகளைப் படுக்கவைக்கப் போகிறேன், பதில் சொல்ல வேண்டாமா?

இன்று காலையில் அவரே கூப்பிட்டார். "மேடம், கீழ மணல்ல இந்த வாரம் முடியாது. நம்ம லாட்ஜ் மொட்டை மாடியில டென்ட் அடிச்சுத் தாறேன். கடல் நல்லாத் தெரியும்." மொட்டை மாடியில் டென்டாம்! தண்ணித் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில் காங்கிரீட்டில் படுக்க கோயம்புத்தூரிலிருந்து பிள்ளைகள் வர வேண்டுமா? அவர்கள் வீட்டிலேயே மொட்டை மாடி இருக்கிறதே. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது திரும்பத் தர முடியாது மேடம், வேற தேதிக்கு மாத்திக்கலாம்." என் குரல் கொஞ்சம் உயர்ந்தது, உயராமல் இருக்குமா? அப்போதுதான் அந்த முத்தை உதிர்த்தார். சார்கிட்ட போனைக் குடுக்கணுமாம்.

சரி, டென்ட் போனால் போகிறது, பகலிலாவது கடற்கரை கடற்கரையாக நிற்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. போன வாரம் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தேன். நல்ல அகலமான கடற்கரை, நிழலுக்குக் குடை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், எல்லாம் இருக்கிறது. கழிப்பறையும் இருக்கிறது, ஆண், பெண் என்று படம் வரைந்து. பெண் படத்துக்குக் கீழே ஒரு பூட்டு. உப்புக்காற்றில் துரு ஏறி, சாவித் துவாரமே அடைத்துப்போய், கதவோடு சேர்ந்து ஒரே நிறமாகிவிட்ட பூட்டு. அதைச் சாவி போட்டுத் திறக்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆண்கள் பக்கம் திறந்துதான் கிடக்கிறது. வாகனக் கட்டணம் வாங்குகிறவரிடம் சாவி யாரிடம் என்று கேட்டேன். "தெரியாதும்மா, நான் வண்டிக்கு மட்டும்தான்" என்றார். வண்டியை நிறுத்தக் காசு வாங்க ஆள் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்குகிற பெண்கள் எங்கே போவார்கள் என்று யோசிக்க ஒருத்தரும் இல்லை. நம்மூர்ப் பெண்கள் கடற்கரைக்குப் போகும்போது தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள், உங்களுக்கெல்லாம் அது தெரியுமா? சொத்தவிளைக்கும் சங்குத்துறைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் ஏன் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடல் சலித்துப்போயா?

இந்த லட்சணத்தில் அத்தான் வேறு. அக்கா வீட்டுக்காரர். அவர் போட்ட திட்டம் இது: காலையில் உதயம், அப்புறம் விவேகானந்தர் பாறைக்குப் படகு, அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியாகத் திருவள்ளுவர் சிலை, அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பில் குளி, சாயங்காலம் முட்டத்தில் அஸ்தமனம். எல்லாம் ஒரே நாளில்! படகு வரிசை ஒன்றே பாதி நாளைத் தின்றுவிடும். அந்தக் கண்ணாடிப் பாலம் மொத்தமே 77 மீட்டர். அதில் நாலு எட்டு வைத்து, நின்று, கீழே அலை பாறையில் மோதுவதைப் பார்க்காமல் வேகமாகக் கடந்து போட்டோ எடுத்துவிட்டு வருவதற்கு எதற்கு அங்கே போக வேண்டும்? "தேங்காய்ப்பட்டணம் போலாம் அத்தான், ஆறு கடல்ல சேர்ற இடம்" என்றால், "அங்க என்ன இருக்கு?" என்கிறார். ஆறு கடலில் சேர்கிறது அத்தான். அதுதான் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் மணல் கறுப்பாகவும் சிவப்பாகவும் கோடு கோடாகக் கிடக்கும், இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்த மணல், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றேன். "மண்ணைப் பாக்கவா இவ்வளவு தூரம் வாறோம்?" என்றார். குளச்சலில் 1741-ல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடத்தில் தூண் நிற்கிறது என்றேன். அதற்குப் பதிலே இல்லை, கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

இத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒரு மனிதர்தான் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். அவருக்கும் டென்டுக்கும் சம்பந்தமே இல்லை. முட்டத்துக்கு மேற்கே ஒரு ஊரில், வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர். கட்டைவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, கண் எங்கள் பக்கம் திரும்பாமலே கை தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. இங்கே ராத்திரி டென்ட் போடலாமா தாத்தா என்று கேட்டேன்.

"இங்க வேண்டாம் பிள்ளே. விடியக்காலம் வள்ளம் கேறும், உறக்கத்துல கிடந்தா ஆபத்து. அந்தத் தெங்குக்கு அங்க மணல் மேடாட்டு இருக்கு, தண்ணி வராது. ஆனா ஊர்ல ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போடணும். பாத்ரூம் இங்க இல்ல. வயசான அம்மாவ வச்சுக்கிட்டு ராத்திரி கஷ்டப்படுவ. பகல் வந்து இரு, ராத்திரி ரூம்ல போய்க் கிட."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தூரம், ஆபத்து, அனுமதி, கக்கூஸ், எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. இல்லை என்பதை இல்லை என்று சொன்னார். அவருக்கு என்னிடமிருந்து ஒரு பைசா வரவில்லை. அங்கே சார் யார் என்றும் அவர் கேட்கவில்லை. கடப்புறம் ஏதோ காலி இடம், கூடாரம் அடித்து வாடகை பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் அவர் பக்கத்தில் போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அது அவர்கள் வலை காயப்போடுகிற, மீன் உலர்த்துகிற, வள்ளம் ஏற்றுகிற இடம். வாடகை வாங்குகிறவருக்கு அது தெரியாமல் இல்லை, அக்கறை இல்லை.

அட்வான்ஸை நான் விடப்போவதில்லை. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பதென்று முடிவு. தொகை சின்னதுதான், இருக்கட்டும். மேடத்திடம் வாங்கிய காசை மேடத்திடமே திருப்பிக் கொடுக்கட்டும்.

கோபத்தில் மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வடசேரிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஏத்தன்பழ பஜ்ஜி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கினேன். கடித்தால் மாவு. இன்னும் கடித்தால் இன்னும் மாவு. நடுவில் காகிதம் கனத்துக்கு ஒரு மஞ்சள் கோடு, அதுதான் பழமாம். தெருவுக்குத் தெரு ஏத்தன்குலை தொங்குகிற ஊர் இது. ஒரு காலத்தில் பழத்தை நெடுக இரண்டாகப் பிளந்து அப்படியே போட்டார்கள், கடித்தால் சூட்டில் நாக்கு பொத்துப்போகும். விலை வருஷா வருஷம் ஏறுகிறது, பழம் மட்டும் ஏன் இளைத்துக்கொண்டே போகிறது? பழம் போட மனசு இல்லாவிட்டால் போண்டா என்று சொல்லி விற்றுத் தொலையுங்கள், நானும் போண்டாவுக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.