ஸ்வென் டும்பாவுக்கு டொராண்டோவில் ஏன் இன்னும் இடமில்லை?

ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச ஆரம்பித்தாலே வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் யார் எத்தனை கோல் போட்டார் என்பதில்தான் வந்து நிற்கிறோம். அந்தக் கணக்கில் சுவீடனின் ஸ்வென் டும்பாவுக்குப் பூஜ்யம். அதை வைத்து அவரை, சிறந்த ஹாக்கி ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் டொராண்டோ ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்காமல் ஓரங்கட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இயற்பெயர் ஸ்வென் யோஹான்சன், பிறந்தது 1931இல். அணியில் யோஹான்சன்கள் மலிந்து கிடந்ததால் வளர்ந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்டாக்ஹோமின் ஜூர்கோர்டன் கிளப்பில் எட்டு முறை சுவீடன் சாம்பியன். நாட்டுக்காக 245 ஆட்டம், 186 கோல். ஒலிம்பிக் மட்டும் நான்கு.

1957 உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். ஹங்கேரியில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து கனடாவும் அமெரிக்காவும் வரவில்லை. சரி, அதனால் சுலபமாகக் கிடைத்த தங்கம் என்று சொல்லிவிட முடியுமா? மாஸ்கோ லெனின் மைதானத்தில், திறந்த வெளியில், சுமார் 50,000 பேர் முன்னால் சோவியத்தோடு கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும். 2-0 என்று முன்னிலையில் இருந்த சுவீடன், இரண்டாவது பகுதியில் வரிசையாக நான்கு கோல் வாங்கி, மூன்றாவதில் மீண்டு வந்து 4-4 என்று முடித்துத் தங்கத்தோடு ஊர் திரும்பியது.

அதே ஆண்டு என்.எச்.எல். அணியான பாஸ்டன் புரூயின்ஸின் பயிற்சி முகாமுக்குப் போனார். என்.எச்.எல். முகாமுக்குப் போன முதல் ஐரோப்பியர் அவர்தான். ஆனால் கையெழுத்துப் போட்டால் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடுவார், அன்றைய விதிப்படி ஒலிம்பிக் கதவு மூடிவிடும். வேண்டாம் என்று திரும்பிவிட்டார். 1962இல் உலக சாம்பியன்ஷிப்பில் கனடாவையே 5-3 என்று வீழ்த்தித் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார், 1964 ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கினார். என்.எச்.எல்.லில் ஆடாததைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும் நடுவில் சுவீடன் தேசியக் கால்பந்து அணிக்கும் ஒரு முறை ஆடியிருக்கிறார். அப்புறம் கோல்ஃப். அதிலும் நாட்டுக்காக ஆடியதோடு நிற்காமல், மாஸ்கோவில் முதல் கோல்ஃப் மைதானம் வரக் காரணமாகவும் இருந்தார்.

சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு 1997இலேயே அவரைத் தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டது. டொராண்டோ ஹால் ஆஃப் ஃபேம் மட்டும் சேர்க்கவில்லை. என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத சோவியத் கோல்கீப்பர் திரெத்தியாக்கை 1989இலேயே சேர்த்துக்கொண்டவர்கள்தானே அவர்கள்? அப்படியிருக்க டும்பாவை மட்டும் வெளியே நிறுத்த என்ன காரணம் சொல்வார்கள்? 2011இல் அவர் இறந்தும் போனார், இனியும் தள்ளிப்போடாமல் தேர்வுக் குழு அவர் பெயரை எடுக்க வேண்டும்.