30 அடிச் சாலையும் வழிநடைப் பாத்தியமும்

புதிய மனைப்பிரிவுகளில் 30 அடிச் சாலை விட்டாலே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தக் கருத்து வரைபடத்தில் சரியாக இருக்கலாம்; ஆனால், மக்கள் குடியேறிய பின் அந்தச் சாலை என்னவாகிறது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. மழைநீர் வடிகால், மின்கம்பங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் தெருவுக்குள் நீளும் சாய்தளம் (கூடாதென்று தெரிந்தேதான் கட்டுகிறோம்), இருபுறமும் நிற்கும் கார்கள் ஆகியவை போக, தீயணைப்பு வண்டி நுழைய 12 அடி மிஞ்சினாலே அதிகம்.

அதைவிடக் கவலைக்குரியது பாத்தியதை, அதாவது பிறர் நிலத்தின் வழியே செல்வது போன்ற பயன்பாட்டு உரிமை. 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் (பாத்தியதை) சட்டப்படி, தனியார் நிலத்தின் மீதான வழிநடை உரிமையை நீண்டகால அனுபவத்தால் நிலைநாட்ட, 20 ஆண்டுகள் இடையறாது, உரிமையாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வேறு வழியே இல்லாததால் கிடைக்கும் அவசியப் பாத்தியமோ, அந்த அவசியம் தீர்ந்ததும் முடிந்துவிடும். ஆகவே, பின்மனைக்குச் செல்லும் பாதையையும் கழிவுநீர்க் குழாய் செல்லும் இடத்தையும் 'வழக்கப்படி' என்று எழுதி நிறுத்தாமல், நீள அகலத்துடன் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே குறிப்பிட வேண்டும். பொதுச் சாலைகள் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் மனை வாங்குவோர் பார்க்க வேண்டும்; தரகர் காட்டும் வண்ண வரைபடத்தில் அது தெரியாது.