ஜர்னலில் போட்டால் ஆய்வு, நோட்டீஸில் போட்டால்?

கல்விச் சுதந்திரம் என்றதும் எனக்கு சத்தீஸ்கரின் பழங்குடிப் பகுதியான பஸ்தர்தான் நினைவுக்கு வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நந்தினி சுந்தர் அந்தப் பகுதியைப் பற்றி 1990களிலிருந்தே எழுதிவருகிறார். எழுதியதோடு நிற்கவில்லை. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி இ.ஏ.எஸ். சர்மா ஆகியோருடன் சேர்ந்து, மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு இயங்கிய சல்வா ஜுடும் என்ற ஆயுதக் குழுவை 2007இல் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி, துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகளோடு மோதவிடுவது அரசமைப்புக்கு விரோதம் என்று 2011 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். 2016 அக்டோபரில் காவல் சீருடை போட்டவர்களே அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அடுத்த மாதமே பஸ்தரின் சுக்மாவில் நடந்த ஒரு கொலை வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது. பெயரை நீக்க 2019 ஆனது. பஸ்தரிலேயே குடியிருந்த ஆய்வாளர் பேலா பாட்டியாவை, 24 மணி நேரத்தில் வீட்டைக் காலி செய் என்று 2017 ஜனவரியில் ஒரு கும்பல் வந்து மிரட்டியது.

இதோடு ஒப்பிட்டால் என் கதை கொசுக்கடி. ஆனாலும் சொல்கிறேன்.

தூத்துக்குடி உப்பளத்தில் இரண்டு வருடம் ஆய்வு செய்தேன். கூலி, கண் எரிச்சல், கால் வெடிப்பு, குடிதண்ணீர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆங்கிலக் கட்டுரை வந்தது, கல்லூரியில் கைதட்டினார்கள். சரி. ஒருநாள் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “டீச்சரம்மா, இவ்வளவு நாளா கேட்டு எழுதிட்டுப் போறீய, என்னதான் கண்டுபிடிச்சீய?” என்றார். வெட்கமாகிவிட்டது. இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, துறை முத்திரையோடு நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் அதை மனுவோடு இணைத்து, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்துவிட்டார்கள்.

மறுவாரமே கல்லூரியில் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். அதே எண்கள், அதே அட்டவணை. ஆங்கிலத்தில் இருந்தவரை ஆய்வு. தமிழில் வந்ததும் ‘வெளி நடவடிக்கை’. பதவி உயர்வுப் படிவத்தில் அந்த இரண்டு பக்கத்துக்கு மதிப்பெண் பூஜ்யம் என்பது தனிக் கதை. கொலை வழக்கெல்லாம் தேவையே இல்லை, என்னைப் போன்றவர்களை உட்கார வைக்க ஒரு மெமோ போதும்.

இனிமேல் கொடுப்பதென்றால் கல்லூரிப் பெயர் இல்லாமல் கொடுங்கள் என்றார்கள். அடுத்த முறை அப்படியே கொண்டுபோனேன். அந்த அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“சீலு எங்கம்மா?” என்றார்.