முக்கால் டன் முதலீடு

(இடம்: இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகை. நடுவில் 1969ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய கார் நிற்கிறது. சிவப்பு நிறம், இரண்டு இருக்கை, துணிக் கூரை. விற்பவர் தேநீர் போட வீட்டுக்குள் போயிருக்கிறார். கோமதிக்கு 67 வயது, தம்பி சுந்தரத்துக்கு 63. தாம்பரத்தை விட்டு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும், பணம் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் தமிழாசிரியராக இருந்த தம் தந்தையின் தமிழுக்கு இருவரும் திரும்பிவிடுவார்கள். அருகில் இருப்பவருக்குப் புரியாது என்பது கூடுதல் வசதி.)

கோமதி: அவர் மேலே கிடந்த துணியை இழுத்தபோது நான் வண்டியைப் பார்க்கவில்லை தம்பி, உன் முகத்தைத்தான் பார்த்தேன். வாய் திறந்துகொண்டது.

சுந்தரம்: தும்மல் வந்தது அக்கா. அந்தத் துணியில் பத்து ஆண்டுத் தூசி இருக்கிறது. வந்த காரியத்தைப் பார்ப்போம். 7,500 பவுண்டு கேட்கிறார். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு நீ நிம்மதியாக இருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் லெஸ்டரிலிருந்து காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

கோமதி: இது செலவு இல்லை, முதலீடு. இந்த வண்டியின் தலையெழுத்தே துணிக்கு அடியில்தான் தொடங்கியது. மாதிரி வண்டியைச் செய்து முடித்தபோது ட்ரையம்ஃப் கம்பெனியில் பணம் தீர்ந்துவிட்டது, அதனால் தொழிற்சாலையின் ஒரு மூலையில் மூடிப் போட்டுவிட்டார்கள். 1961இல் லேலண்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. இடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த அவர்களுடைய அதிகாரி துணியைத் தூக்கிப் பார்த்தார், பிடித்துப்போனது, 1962இல் வண்டி கடைக்கு வந்துவிட்டது.

சுந்தரம்: அவர் கம்பெனிப் பணத்தில் துணியைத் தூக்கினார். நீ ஓய்வூதியத்தில் தூக்குகிறாய்.

கோமதி: அரிய பொருளுக்கு விலை ஏறிக்கொண்டுதானே போகும்?

சுந்தரம்: அரிய பொருளா? 1962 முதல் 1980 வரை 3,14,000 ஸ்பிட்ஃபயர்களை இங்கே கேன்லியில் செய்து தள்ளியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதன் ஆறு சிலிண்டர் அண்ணனான ஜிடி 6ஐயும், டிஆர் வரிசை வண்டிகளையும்தான். அவற்றின் விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டவர்கள் திரும்பி வந்து வாங்குவது ஸ்பிட்ஃபயர்.

கோமதி: எனக்கு ஏற்றது அதுதான். நானும் அவற்றின் விலையைக் கேட்டுவிட்டேன். சரி, கணக்குக்கு வருவோம். நாற்பது ஆண்டு கடந்த வண்டி என்பதால் சாலை வரி கிடையாது. வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி பரிசோதனைக்கு ஆண்டுதோறும் கொண்டுபோகும் கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி ஒரு பென்னிகூடக் கிடையாது.

சுந்தரம்: ஏன் கிடையாது என்று யோசித்தாயா? கார் என்பது தேய்ந்து அழியும் சொத்து என்று இந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விட்ட இடத்தில் காசு பார்க்கும் வரித்துறை, இதில் தேறாது என்று தெரிந்துதானே கையைக் கழுவியிருக்கிறது? வரித்துறைக்கே நம்பிக்கை இல்லாத லாபத்தின் மேல் உனக்கு இருக்கும் நம்பிக்கையை நான் வணங்குகிறேன்.

கோமதி: நீ வணங்க வேண்டாம், குனிந்து பார். பட்டி தொட்டியெல்லாம் பெயர் பெற்ற வண்டி.

(சுந்தரம் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைப் பின்சக்கரத்து வளைவின் மேல் வைத்து மெல்லக் கையை எடுக்கிறார். காந்தம் பொத்தென்று சிமெண்டுத் தரையில் விழுகிறது.)

சுந்தரம்: தொட்டியைப் பற்றித் தெரியவில்லை. பட்டி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. துருப்பிடித்துப் போன தகட்டை வெட்டி எடுக்காமல், மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அதனால்தான் காந்தம் ஒட்டவில்லை. எடை குறைந்த வண்டி, எடை குறைந்த வண்டி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாயே, முக்கால் டன்னுக்கு மேல் இல்லை என்று. மீதியைத் துரு தின்றிருக்கிறது.

கோமதி: கொஞ்சம் துரு இல்லாமல் இந்த ஊரில் எந்த வண்டி இருக்கிறது?

சுந்தரம்: கொஞ்சமா, நிறையவா என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. இதோ, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஓடும் இந்தப் பெட்டிபோன்ற விளிம்பைப் பார். அப்பாவின் ஹெரால்டு காரில் இது வெறும் அலங்காரம், கழற்றி எறிந்தாலும் வண்டி ஓடும், ஏனென்றால் அதன் சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, பக்கவாட்டிலும் சட்டங்கள் இருந்தன. அதே சேஸிஸை எட்டரை அங்குலம் குறைத்து, பக்கச் சட்டங்களையும் நீக்கிவிட்டு, முதுகெலும்பை மட்டும் வைத்துக்கொண்டு செய்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஆகவே வண்டி நடுவில் தொய்யாமல் தாங்கிப் பிடிப்பது இந்த விளிம்புதான். இது உளுத்துப்போனால் நீ ஏறி உட்கார்ந்ததும் கொடிக்கயிற்றில் ஈரப் புடவையைப் போட்டதுபோல ஆகிவிடும்.

கோமதி: என் எடையைப் பற்றிப் பேசுகிறாயா, வண்டியைப் பற்றிப் பேசுகிறாயா?

சுந்தரம்: வண்டியைப் பற்றித்தான். ஒரு பவுண்டு நாணயம் கொடு.

(கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடுக்கில், கீழிருந்து மேலாக நாணயத்தைச் செங்குத்தாகத் தள்ளிக்கொண்டு போகிறார். கீழ்ப்பாதியில் நாணயம் தாராளமாக ஓடுகிறது. கைப்பிடியின் உயரம் வந்ததும் இறுகுகிறது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே அடியோடு நின்றுவிடுகிறது. இழுத்தாலும் வரவில்லை.)

சுந்தரம்: பார்த்தாயா? கீழே இடுக்கு அகலம், மேலே குறுகல். வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. விளிம்பை மாற்றியபோது குறுக்கே முட்டுக் கொடுக்காமல் பற்றவைத்திருக்கிறார்கள்.

கோமதி: என் நாணயம்?

சுந்தரம்: அதை முதல் தவணையாக வைத்துக்கொள்.

(பின்பக்கப் பெட்டியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறார்.)

சுந்தரம்: இன்னொன்று. தொழிற்சாலையில் பூசிய சிவப்பு என்றாரே, விரிப்புக்கு அடியில் பச்சை இருக்கிறது. கெய்டனில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டால், இந்த எண்ணுள்ள வண்டி எந்த நாளில், எந்த நிறத்தில் வெளியே வந்தது என்று பழைய பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

கோமதி: பச்சையா? அப்பாவின் வண்டி பச்சைதானே!

சுந்தரம்: அப்பாவின் வண்டி நீலம். மழைக்காலத்தில் அதன்மேல் பாசி பிடித்ததால் நீ பச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

கோமதி: எந்த நிறமோ, வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்த வண்டி. இதற்கும் அதற்கும் உடம்பை வரைந்தவர் ஒருவரே, மிக்கெலொட்டி என்கிற இத்தாலிக்காரர். தம்பிக்கு அக்காவின் சாடை இருப்பதுபோல இதில் அதன் சாடை இருக்கிறது.

சுந்தரம்: அதன் நோயும் இருக்கிறது. நாம் ஏழு பேரும் புளியோதரைத் தூக்கும் ஏறினால் பின்சக்கரங்கள் இரண்டும் கால் அகட்டி நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? இறங்கினால் அதே சக்கரங்கள் உள்பக்கமாகக் காலை இடுக்கிக்கொள்ளும். இதன் பின் அச்சும் அதே வகை, ஊசலாடும் அச்சு. வேகமாக ஒரு வளைவில் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாயானால், பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் வால் உனக்கு முன்னே போய்விடும். அடுத்து வந்த மார்க் 4இல் ஸ்பிரிங்கை மாற்றி அதைச் சரிசெய்துவிட்டார்கள். நீ பொறுக்கி எடுத்திருப்பது மார்க் 3.

கோமதி: நான் வேகமாக வளைவில் போனதை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? நேர்ச்சாலையிலேயே எனக்குப் பின்னால் ஆறு வண்டி ஹாரன் அடிக்கும்.

சுந்தரம்: அது உண்மைதான். ஏழு பேர் போன குடும்பத்தில் பிறந்துவிட்டு இரண்டு இருக்கை வண்டியை வாங்குவானேன்?

கோமதி: எனக்கும் உன் அத்தானுக்கும் இரண்டு போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையை மடக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போவோம்.

சுந்தரம்: கவென்ட்ரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் மிகவும் தொலைவு. நீ போய்ச் சேர்வதற்குள் மழை வந்து சேர்ந்துவிடும். போகட்டும், இன்ஜினைப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம்.

(இரு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து பானெட்டைத் தூக்குகிறார். முன்பக்க உடல் முழுவதும், மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் ஒன்றாக முன்னோக்கிக் கவிழ்கிறது. இன்ஜினும் இரு முன்சக்கரங்களும் திறந்த வெளியில் நிற்கின்றன. சுந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், வலப்பக்க டயரின் மேல் உட்கார்ந்து முழங்கையை இன்ஜின் ஓரத்தில் ஊன்றிக்கொள்கிறார். சற்று நேரம் பேச்சில்லை.)

கோமதி: அப்பாவும் அந்த டயரில்தான் உட்காருவார்.

சுந்தரம்: வேறு எங்கே உட்காருவது? உட்காருவதற்காகவே செய்ததுபோல இருக்கிறது. ஞாயிறு காலை முழுக்க இப்படி உட்கார்ந்து கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே எனக்குத் திருக்குறள் ஒப்பிக்கச் சொல்லுவார். நான் தப்பாகச் சொன்னால் கையிலிருக்கும் ஸ்பானரால் மட்கார்டில் ஒரு தட்டுத் தட்டுவார். அக்கா, இது அதே குடும்பத்து இன்ஜின். அங்கே 948 சிசி, இங்கே 1296. இந்த மூடி, இந்த டிஸ்ட்ரிபியூட்டர், எதுவும் இடம் மாறவில்லை.

கோமதி: கைக்குட்டை வேண்டுமா?

சுந்தரம்: பெட்ரோல் ஆவி கண்ணில் படுகிறது. நீ உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதி, நான் முன்னால், இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்கின் முனையிலுள்ள புல்லியைப் பார்க்கிறேன். மிதிக்கும்போது அது முன்பக்கம் நகர்ந்தால், உள்ளே கிராங்கைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அது கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்தபிறகும் ஓட்டினால் இன்ஜின் பிளாக்கே வீணாகிவிடும். மிதி. விடு. மறுபடியும் மிதி.

கோமதி: நகர்கிறதா?

சுந்தரம்: கண்ணுக்குத் தெரியும்படி நகரவில்லை.

கோமதி: அதை ஏன் இவ்வளவு வருத்தமாகச் சொல்கிறாய்?

சுந்தரம்: நகர்ந்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. நீ இறங்கு, மிதியின் கனம் எப்படி என்று நானும் பார்க்கிறேன்.

(கோமதி கதவைப் பிடித்து, வலக்காலை வெளியே வைத்து, மூன்றாம் முயற்சியில் எழுகிறார். சுந்தரம் உள்ளே இறங்குகிறார். உட்காருகிறார் என்பதைவிட இறங்குகிறார் என்பதே சரி; இருக்கை தரைக்கு ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது.)

சுந்தரம்: இரண்டு பக்க விளிம்பையும் முட்டுக் கொடுத்து ஒழுங்காக மாற்ற வேண்டும். பின்வளைவுகளையும் வெட்டி ஒட்ட வேண்டும். அந்தக் கூலியைக் கழித்துவிட்டுக் கேள். 4,500இல் தொடங்கி 5,000இல் நில். உதிரிபாகம் பெரும்பாலும் புதிதாகவே கிடைக்கிறது, அதனால் பயமில்லை. ஞாயிறுதோறும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். கடற்கரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்.

கோமதி: இருப்பது இரண்டு இருக்கை. உன் அத்தான்?

சுந்தரம்: அவருக்குத்தான் அரசாங்கம் இலவசப் பேருந்து அட்டை கொடுத்திருக்கிறதே.

கோமதி: விற்பவர் தேநீரோடு வருகிறார். வாங்க வந்தவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தால் ஒரு பவுண்டுகூடக் குறைக்கமாட்டார். எழுந்திரு.

சுந்தரம்: அதைத்தான் இரண்டு நிமிடமாக முயன்றுகொண்டிருக்கிறேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

கோமதி: ஸ்டியரிங்கிலிருந்தாவது கையை எடு.

சுந்தரம்: எடுத்துவிட்டேன்.

கோமதி: சிரிப்பையும்.