தம்பியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது

தக்கலை பக்கம் பைக் விபத்தில் சித்தப்பா மகன் அடிபட்டு நான்காவது நாள். ஐசியூ வாசலுக்கு ஒரு இளம் டாக்டர் வந்தார். "பிரெயின் டெத் ஆகிடுச்சு. உறுப்பு தானம் பண்ண விருப்பம் இருந்தா சொல்லுங்க." அவ்வளவுதான். தம்பி இல்லை என்பதையும், அவன் உறுப்புகளைக் கேட்பதையும் ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, அவரு மூச்சு விடுதாரே. நெஞ்சு ஏறி எறங்குது, நீங்களும் பாத்தியள்லா? செத்துட்டாருன்னு எப்பிடிச் சொல்லுதாவ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான்.

பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். மூச்சு விட்டது தம்பி இல்லை, வென்டிலேட்டர். பிராணவாயு கிடைக்கும்வரை இதயம் மூளையின் உத்தரவு இல்லாமலே கொஞ்ச காலம் துடிக்கும். கோமாவில் இருப்பவர் மீளலாம், மூளைச்சாவு அடைந்தவர் மீளவே மாட்டார். ஒரு டாக்டர் மட்டும் முடிவு செய்கிற விஷயமும் இல்லை இது. நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரை விலக்கி, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பதும் அதில் உண்டு. உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. இதை யாராவது எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

2008-இல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே கலங்கியது. அவர்கள் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் ரப்பர் பால் எடுக்கிறவர் வீட்டுக்கும் கடலுக்குப் போகிறவர் வீட்டுக்கும் யார் விளக்குவது?

2023-இல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த மரியாதை சம்மதம் சொன்ன பிறகு வருவது. சம்மதத்துக்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மரணத்தை ஒருவர் சொல்லட்டும். குடும்பம் அழுது முடிக்கட்டும். அப்புறம், பயிற்சி பெற்ற வேறொருவர் தனி அறையில் உட்கார்ந்து, எங்கள் பேச்சில் கேட்கட்டும்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2020-இலேயே மூளைச்சாவை உறுதி செய்வதற்குத் தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். உறுப்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூளைச்சாவு மரணம்தான் என்று அது சொல்கிறது. இது மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். இரண்டையும் முடிச்சுப் போடும்போதுதான் "உறுப்புக்காகவே செத்துட்டான்னு சொல்லுதாங்க" என்ற சந்தேகம் வருகிறது. எங்கள் வீட்டிலும் வந்தது.

இன்னொரு பயம், கடைசி நாளில் எழும்ப உடம்பு முழுசாக இருக்க வேண்டுமே என்பது. சித்தி இதைத்தான் சொல்லி அழுதார். 2000-இல் போப் இரண்டாம் ஜான் பால் உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்று ஆதரித்துப் பேசியிருக்கிறார். எடுத்த பிறகு தையல் போட்டுத்தான் உடலைத் தருவார்கள். பெட்டியில் வைத்து முகம் பார்க்கலாம், எப்போதும்போல அடக்கம் செய்யலாம்.

ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் பதிவு செய்யலாம். நான் செய்துவிட்டேன். ஆனாலும் அந்த நேரத்தில் வீட்டார் சம்மதிக்காமல் எடுக்க மாட்டார்கள். அதனால் வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேச எங்கள் சபையில் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தம்பி மனைவியிடம் சொன்னேன். தானும் வந்து முன்னால் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.